கரும்பலகையா, ரத்த வாளியா, பியானோவா? ஓர் இரவுக்கு ஒரு பள்ளிக்கூடப் பேய்

பழைய பள்ளிக்கூடப் பேய்ப்படம் ஏதாவது போடலாம் என்று பேச்சு வந்தால் கை தானாக ‘கேரி’ பக்கம் போகும். 1976இல் வந்தது, பேர் பெற்றது, போட்டால் மோசம் போகாது என்ற தைரியம். ஆனால் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்தபடி, நடுநடுவே கமென்ட் அடித்துக்கொண்டு பார்க்கிற இரவுக்கு அது தோதுப்படாது. முதல் ஒரு மணி நேரம் ஒரு பெண் அவமானப்படுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கே கமென்ட் அடிப்பவரைப் பக்கத்தில் இருப்பவரே முறைப்பார். அந்த மாதிரி இரவுக்கென்றே கனடாவில் 1987இல் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்: ‘ஹலோ மேரி லூ: ப்ராம் நைட் 2’. பலர் அதைத் தாண்டிப் போவதற்குக் காரணம் தலைப்பில் இருக்கும் அந்த ‘2’.

அந்த எண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். 1980இல் வந்த ‘ப்ராம் நைட்’டில் ஜேமி லீ கர்ட்டிஸ் நடித்திருந்தார். அது முகமூடிக் கொலைகாரன் கதை, பேயே கிடையாது. இரண்டாவது படம் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹாமில்டன் ஹை’ என்ற பெயரில் தனிப்படமாகத்தான் தொடங்கியது. வியாபாரத்துக்காகப் பிறகு பழைய பெயரை ஒட்டினார்கள். ஹாமில்டன் ஹை என்ற பள்ளிப் பெயரைத் தவிர இரண்டுக்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே முதல் பாகம் பார்க்காமல் இரண்டாம் பாகமா என்ற தயக்கம் வேண்டியதில்லை. நேராக இரண்டுக்கே போகலாம். 1990இல் வந்த மூன்றாம் பாகத்தில் இதே பேய் திரும்பி வருகிறது, ஆனால் நடிகை வேறு, படமும் முழுக்க நகைச்சுவைப் பக்கம் சாய்ந்துவிட்டது. 1992இன் நான்காம் பாகத்தில் அவள் இல்லவே இல்லை. 2008இல் ‘ப்ராம் நைட்’ என்ற பெயரில் வந்தது மறுபடியும் பேயில்லாத கொலைகாரன் கதை. தேடும்போது ‘ப்ராம் நைட்’ என்று அடித்தால் இவற்றில் ஏதோ ஒன்று வந்து நிற்கும். ‘ஹலோ மேரி லூ’ என்று அடித்து, ஆண்டு 1987தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் நான்கு படங்கள் நிற்கின்றன: அமெரிக்காவின் ‘கேரி’ (1976), ஜப்பானின் ‘ஹவுஸ்’ (1977), கனடாவின் ‘ஹலோ மேரி லூ’ (1987), தென் கொரியாவின் ‘விஸ்பரிங் காரிடார்ஸ்’ (1998). இவற்றை அளக்க ஒரே ஓர் அளவுகோல் போதும். பேய் எந்த வீட்டுக்கும் வரலாம், எந்தப் புளியமரத்திலும் குடியிருக்கலாம். பள்ளிக்கூடப் பேய்ப்படம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமானால் அந்தப் பேய்க்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட வேண்டும். கரும்பலகை, லாக்கர், ரேங்க் பட்டியல், ஆண்டு மலர், விழா மேடை ஆகியவற்றைப் பேய் எப்படிக் கையாளுகிறது? இந்தக் கேள்வியில்தான் நான்கும் நான்கு திசையில் பிரிகின்றன.

மேரி லூ: பள்ளிப் பொருட்களைக் கரைத்துக் குடித்த பேய்

ப்ராம் என்பது வட அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படிப்பு முடியும் தறுவாயில் நடக்கும் நடன விருந்து. மாணவர்கள் ஓட்டுப் போட்டு ஒரு பெண்ணை ராணியாகத் தேர்ந்தெடுத்துக் கிரீடம் வைப்பார்கள். 1957இல் ஹாமில்டன் ஹையில் அந்தக் கிரீடம் மேரி லூ மலோனிக்கு. விழாவுக்கு அவளைக் கூட்டிவந்த காதலன் பில்லி, அவள் மேடைக்குப் பின்னால் இன்னொருவனோடு இருப்பதைப் பார்த்துவிடுகிறான். பழிவாங்க அவன் எடுப்பது கத்தியோ துப்பாக்கியோ அல்ல, பையன்கள் விளையாட்டுக்குக் கொண்டுவந்த நாற்றக் குண்டு. கிரீடம் ஏறும் நேரத்தில் அதை மேலிருந்து போடுகிறான். திரியின் நெருப்பு அவள் உடையில் பற்றிக்கொள்கிறது. அத்தனை பேர் கண்முன்னே எரிந்து சாகிறாள்.

முப்பது ஆண்டு கழித்து அந்த பில்லிதான் பள்ளியின் முதல்வர். மைக்கேல் அயர்ன்சைட் நடித்திருக்கிறார். வில்லன் வேடங்களால் தெரிந்த முகத்தை, பழைய குற்றத்தை மென்று விழுங்கிக்கொண்டு வாழ்கிற ஓர் அப்பாவாகப் போட்டிருப்பதே படத்தின் பாதி பலம். விக்கி என்ற மாணவிக்குப் ப்ராமுக்கு உடை வேண்டும். பக்தியில் ஊறிய அம்மா புதுசு வாங்க விடமாட்டாள். பள்ளியின் பழைய சாமான் அறையில் உடை தேடப் போகிறவள் ஒரு பெட்டியைத் திறக்கிறாள். கிரீடமும் மேலங்கியும் மோதிரமும் அதற்குள் கிடக்கின்றன. பிறகு நடப்பதை ஊகிக்கலாம். எப்படி நடக்கும் என்பதை மட்டும் ஊகிக்க முடியாது.

கரும்பலகைக் காட்சிக்காகவே இந்தப் படத்தை எடுக்கலாம். காலி வகுப்பறை, விக்கி பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பலகையின் கறுப்பு மெல்லச் சுழலத் தொடங்குகிறது. பரப்பு தண்ணீராக மாறி அலையடிக்கிறது, அவள் தலைகுப்புற உள்ளே இழுக்கப்படுகிறாள். கறுந்தண்ணீருக்குள் மிதந்துகொண்டு வெளியே வர வழி தேடுகிறாள். சற்று நேரத்தில் ஒருத்தி வெளியே வருகிறாள், ஆனால் அவள் விக்கி அல்ல. கணினி வரைகலை கைக்கு வராத காலத்துப் படம் இது. தண்ணீரைச் செங்குத்தாக நிறுத்த முடியாது. இந்த மாதிரி காட்சிகளுக்கு அந்தக் காலத்து வழி, தொட்டியைக் கிடையாக வைத்து, சுவரையும் கேமராவையும் அதற்கு ஏற்றபடி திருப்பிவிடுவது. சின்ன பட்ஜெட்டில் இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். 1984இன் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ திறந்துவிட்ட பாதைதான் இது, அதாவது நிஜம் ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும் பாதை. ஆனால் அங்கே அந்த வளைவு கனவில் நடந்தது. இங்கே பட்டப்பகலில் வகுப்பறையிலேயே நடக்கிறது.

அதோடு நிற்கவில்லை. லாக்கருக்குள் ஒளிந்துகொண்ட ஒருத்தியை, அவள் இருக்கும் லாக்கரையே அப்பளமாக நசுக்கித் தீர்க்கிறது பேய். ராணி தேர்தலின் ஓட்டைக் கணினியில் திருத்தப் பார்க்கும் பையனுக்கு அந்தக் கணினி வழியாகவே மின்சாரம் பாய்கிறது. விக்கியின் படுக்கையறை ஆடுகுதிரைக்கு உயிர் வந்து, கண் உருட்டி, நாக்கை நீட்டுகிற காட்சியைப் பார்த்துவிட்டு அதை ஒரேயடியாக மறந்தவர் யாரும் இருக்க முடியாது. பாத்திரப் பெயர்களிலும் குறும்பு செய்திருக்கிறார்கள். விக்கியின் குடும்பப் பெயர் கார்ப்பென்டர், இன்னொரு மாணவியுடையது ஹென்னன்லாட்டர். இரண்டும் திகில் பட இயக்குநர்களின் பெயர்கள். திரைக்கதை எழுதிய ரான் ஆலிவரும் இயக்கிய புரூஸ் பிட்மேனும் தங்களுக்கு முன்னால் வந்த படங்களை ஒளிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்.

எங்கே சறுக்குகிறது? தொனியில். ஒரு நிமிடம் நக்கல் வசனம், அடுத்த நிமிடம் உண்மையான துக்கம், அதற்கடுத்து ஆபாசத்தின் விளிம்பு. பேய் புகுந்த விக்கி தன் அப்பாவிடம் நடந்துகொள்ளும் விதம் வேண்டுமென்றே அருவருப்பூட்டுகிறது. பெண்கள் உடைமாற்றும் அறையில் முழு நிர்வாணத்தோடு நீள்கிற ஒரு காட்சி உண்டு. அமெரிக்காவில் ஆர் சான்றிதழ், அதாவது சிறுவர்கள் பெரியவர் துணையோடு மட்டுமே பார்க்கலாம் என்ற சான்றிதழ், வாங்கிய படம். அப்பா அம்மாவையும் பத்தாம் வகுப்புப் பையனையும் வைத்துக்கொண்டு இதைப் போட்டால், ரிமோட் தேடும் சத்தம்தான் அன்றைய பின்னணி இசை. முதல் கொலைக்குப் பிறகு கொஞ்ச நேரம் வேகம் குறையும், கரும்பலகைக்கு அப்புறம் கடைசிவரை குறையாது. மொத்தம் 97 நிமிடம்.

கேரி: பேயே இல்லாத பெரிய அக்கா

‘கேரி’யில் பேய் கிடையாது, கண்ணால் பார்த்தே பொருட்களை நகர்த்தும் சக்தி இருக்கிறது. ஸ்டீபன் கிங்கின் முதல் நாவல் (1974) இரண்டே ஆண்டில் பிரையன் டி பால்மா கையில் படமானது. சுமார் 18 லட்சம் டாலரில் எடுத்து அதைப்போலப் பல மடங்கு அள்ளினார்கள். கேரியாக வரும் சிசி ஸ்பேசெக், அம்மாவாக வரும் பைப்பர் லாரி இருவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. திகில் படத்துக்கு அந்தக் காலத்தில் அது அரிது. லாரி திரைக்கதையை முதலில் படித்தபோது நையாண்டி என்றே எடுத்துக்கொண்டாராம். அம்மா வேடத்தில் அவர் காட்டும் ஆவேசத்தை அந்தக் கண்ணோடு பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும்.

‘மேரி லூ’ கடன் வாங்கியதெல்லாம் இங்கிருந்துதான்: பக்திப் பித்து பிடித்த அம்மா, ராணி கிரீடம், மேலிருந்து விழும் ஒரு பொருள், ஊரே பார்க்க நடக்கும் அவமானம். ஒரே வித்தியாசம், அதுவும் பெரியது. கேரி பாவம், மேரி லூ பாவமே இல்லை. 1957இல் உயிரோடு இருக்கும்போதே பாவமன்னிப்புக் கூண்டில் போய் உட்கார்ந்து, செய்ததையெல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லிவிட்டு, அத்தனையையும் ரசித்தேன் என்கிற ரகம். அதனால் கேரியின் அழிவில் நெஞ்சு கனக்கிறது, மேரி லூவின் அட்டகாசத்தில் கைதட்டத் தோன்றுகிறது. தனியாகப் பார்க்கிறோமா, கூட்டமாகப் பார்க்கிறோமா என்ற கேள்விக்கு விடை இந்த இடத்திலேயே கிடைத்துவிடும்.

கைவேலையில் ‘கேரி’ கிட்டே மற்ற மூன்றும் நிற்க முடியாது. ப்ராம் காட்சியில் கேமரா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்கிறது. மேடைக்கு அடியில் ஒளிந்திருப்பவர் கையிலிருந்து உத்தரத்தில் நிற்கும் பன்றி ரத்த வாளிவரை நமக்குத் தெரியும், மேடையில் நிற்கும் அவளுக்குத் தெரியாது. அந்த இழுவையை டி பால்மா எவ்வளவு நேரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டுகிறார். ரத்தம் என்பது சோளப் பாகும் உணவுச் சாயமும். விளக்கு வெக்கையில் அது ஒட்டும், காயும், இழுக்கும், தண்ணீர் மாதிரி ஓடிவிடாது. வாளி விழுந்தபின் ஸ்பேசெக்கின் முகம் பொம்மை போல இறுகிக் கிடப்பதில் அந்தப் பாகுக்கும் பங்கு இருக்கலாம். பிறகு திரை இரண்டாகப் பிளக்கிறது: ஒரு பாதியில் அவள் கண், மறுபாதியில் அந்தப் பார்வை பட்ட இடத்தில் நடப்பது. கைப்பேசியில் பார்த்தால் இந்தப் பகுதி இரண்டு தபால்தலைகளாகச் சுருங்கிவிடும். ‘கேரி’யைக் கைப்பேசியில் பார்க்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இசை பீனோ டொனாஜியோ. டி பால்மாவின் முந்தைய படங்களுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் 1975 டிசம்பரில் இறந்துபோனதால் இந்த வேலை டொனாஜியோவிடம் வந்தது. கேரியின் சக்தி வெளிப்படும் இடங்களில் ஹெர்மன் ‘சைக்கோ’வுக்குப் போட்ட கீறல் வயலின் வணக்கம் போலக் கேட்கும். பள்ளிக்கே ‘சைக்கோ’வில் வரும் விடுதியின் பெயரான பேட்ஸ் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியில் வரும் கனவு நடையில் ஏதோ ஒன்று சரியில்லை என்று உடம்புக்குத் தெரியும், காரணம் பிடிபடாது. நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து எடுத்து, படச்சுருளைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். பின்னணியில் ஒரு கார் பின்புறமாகப் போவது அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை: படத்தின் தொடக்கத்திலேயே பெண்கள் குளியலறைக் காட்சி வரும், நிர்வாணத்தோடு. ஆர் சான்றிதழ்தான். தேடும்போது 2002இன் தொலைக்காட்சிப் படமும் 2013இன் மறு ஆக்கமும் முன்னால் வந்து நிற்கும். 98 நிமிடமும் சிசி ஸ்பேசெக்கும் இருந்தால் சரியான படம்.

விஸ்பரிங் காரிடார்ஸ்: பள்ளியே பேய்

எடுத்துக்கொண்ட அளவுகோலில் முதல் ரேங்க் இதற்குத்தான். ரேங்க் என்ற சொல்லே இங்கே ஆயுதம். ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி, கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் வகுப்பு, ‘பைத்தியக்கார நாய்’ என்று மாணவிகள் பட்டப்பெயர் வைத்த ஆசிரியர். முதல் ரேங்க் பெண்ணையும் இரண்டாம் ரேங்க் பெண்ணையும் ஒரே வகுப்பில் எதிரெதிராக நிறுத்தி, பழைய சிநேகிதத்தைத் தின்றுவிடுகிறார் அவர். அடியும் உண்டு, அதைவிட மோசமான சீண்டலும் உண்டு. பேய் வராத காட்சிகளில்தான் வயிற்றைப் பிசைகிறது. அடியும் ரேங்க்கும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எந்த அடிக்குறிப்பும் வேண்டாம்.

தொடக்கத்தை மட்டும் சொல்லலாம். இரவு, ஆளில்லாத பள்ளி. ‘கிழட்டு நரி’ என்று பெயர் வாங்கிய ஆசிரியை பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மலர், இன்னொரு மலர், மறுபடி முதல் மலர். எதையோ கண்டுபிடித்துவிடுகிறார். முன்னாள் மாணவி ஒருத்திக்கு போன் போடுகிறார். சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. விடிந்தால் அவர் தூக்கில். ஆண்டு மலர் என்ற சாதாரணப் பொருளை வைத்து இவ்வளவு பயமுறுத்தலாம் என்று வேறு எந்தப் படமும் காட்டவில்லை. நடைவழியின் கடைக்கோடியில் நிற்கும் உருவம் வெட்டுக்கு வெட்டு நெருங்கி வந்து முகத்துக்கு முன்னால் நிற்கும் காட்சி பிற்பாடு பலர் கைக்கு மாறியது.

பார்க் கி-ஹியுங் இயக்கிய இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது. திரைப்படங்களுக்கான முன்தணிக்கை செல்லாது என்று கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆசிரியரை இப்படிக் காட்டும் படம் அதற்குப் பிறகுதான் சாத்தியமானது. வெளியானபோது ஆசிரியர் சங்கம் ஆட்சேபித்தது. படம் நன்றாக ஓடியது, இன்றுவரை இதோடு சேர்த்து ஆறு பாகங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிக்கதை, ஆகவே இங்கேயும் வரிசைக் கவலை வேண்டாம். இரண்டாம் பாகமான ‘மெமென்டோ மோரி’ (1999) இதைவிட நேர்த்தியானது என்று சொல்பவர்கள் உண்டு, தவறில்லை. ஆனால் அது காதல் கதைப் பக்கம் போகிறது. பள்ளியின் கொடுமைதான் வேண்டுமென்றால் முதலாவதுதான்.

பலர் இந்தப் படத்தை அரை மணி நேரத்தில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் யார் யாரென்று தெரியாத குழப்பம். ஒரே சீருடை, ஒரே மாதிரி முடி, மங்கல் வெளிச்சம். நான்கு பேரைப் பிடித்துக்கொண்டால் போதும். ஓவியம் வரைகிறவள், பேய் பிடித்தவள் என்று கேலிக்கு ஆளாகிறவள் ஜி-ஓ. அவளோடு ஒட்டிக்கொள்ளும் அமைதியானவள் ஜே-யி. முதல் ரேங்க் சோ-யங். அவளோடு ஒருகாலத்தில் நெருக்கமாக இருந்து இப்போது யாரோடும் பேசாமல் ஒதுங்கித் திரிகிறவள் ஜங்-சுக். பெரியவர்களில், அந்தப் போன் அழைப்பைப் பெற்ற முன்னாள் மாணவி உன்-யங். இதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்திருக்கிறார். இந்த ஐந்து பெயரையும் படம் தொடங்கும் முன்பே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வது வீணாகாது. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். ரத்தம் குறைவு, பொறுமை நிறைய வேண்டும். நடுவில் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு இது எடுபடாது.

ஹவுஸ்: பள்ளி விட்டதும் தொடங்குகிறது

நேர்மையாகச் சொன்னால் இது பள்ளிக்கூடப் பேய்ப்படமே அல்ல. பள்ளி வருவது தொடக்கத்தில் கொஞ்ச நேரம். பிறகு கோடை விடுமுறை, ஏழு பள்ளித் தோழிகள், கிராமத்தில் அவர்களில் ஒருத்தியின் பெரியம்மா வீடு. ஆனாலும் விசித்திரமான பழைய பேய்ப்படம் கேட்பவர்களிடம் எல்லாரும் இதையே கொடுக்கிறார்கள். கொடுக்கிற இடம் தவறிவிட்டால் வாங்கினவர் பத்தாவது நிமிடத்தில் எழுந்துபோகிறார்.

ஜப்பானின் டோஹோ படநிறுவனம் கேட்டது ‘ஜாஸ்’ மாதிரி ஒரு வெற்றிப்படம். விளம்பரப் படங்களில் பேர் வாங்கிய நொபுஹிகோ ஓபயாஷி போய்க் கேட்டதோ தன் மகளிடம். பள்ளிச் சிறுமியான சிகுமி, தனக்குப் பயமானவற்றைச் சொன்னாள். கிணற்றில் குளிரப் போட்ட தர்ப்பூசணி வெட்டுப்பட்ட தலையாக வந்தால்? பியானோ விரலைக் கடித்தால்? மெத்தைகள் மேலே விழுந்து அமுக்கினால்? அவையெல்லாம் அப்படியே படத்தில் இருக்கின்றன, மூலக்கதைக்கான பெயரும் அவளுக்கே. ஒரு குழந்தையின் பயத்தைப் பெரியவர்களின் தர்க்கத்தால் திருத்தாமல் விட்டிருப்பதுதான் படத்தின் ரகசியம். வரைந்த வானம், வெட்டி ஒட்டியது தெரிகிற உடல் துண்டுகள், நீல ஓரம் தெரியும் ஒட்டுக் காட்சிகள் எல்லாம் தெரிந்தே செய்தவை. தொழில் தெரியாமல் சொதப்பியதாக நினைத்துப் பார்த்தால் படம் கையைவிட்டு நழுவிவிடும். தோழிகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, பட்டப்பெயர்தான்: அழகி, கற்பனைக்காரி, குங்ஃபூ, மெலடி என்று. மெலடியைப் பியானோ என்ன செய்கிறது என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

அடியில் ஒரு துயரம் ஓடுகிறது. போருக்குப் போன காதலனுக்காகக் காத்தே கிழவியானவள் அந்தப் பெரியம்மா. ஓபயாஷி 1938இல் ஹிரோஷிமா மாகாணத்தின் ஓனோமிச்சியில் பிறந்தவர். அது தெரிந்து பார்த்தால் போர் பற்றித் தெரியாத பெண்கள் அந்த வீட்டில் சிரித்துக்கொண்டு நுழைவது வேறு மாதிரி இருக்கும். மேற்கே இந்தப் படம் பரவலாகப் போனது 2009-10இல்தான், முப்பது ஆண்டுக்கும் மேல் கழித்து. 88 நிமிடம். ஜப்பானிய மொழி, சப்டைட்டிலோடு. ‘ஹவுஸ்’ என்று வெறுமனே தேடினால் எண்பதுகளின் அமெரிக்கப் படமும் டாக்டர் சீரியலும் வரும். 1977 என்று சேர்த்துத் தேட வேண்டும்.

இந்த நான்கும் பார்த்து முடித்தவர்களுக்கு 1981இலிருந்து இரண்டு. ‘ஈவில்ஸ்பீக்’: ராணுவப் பள்ளியில் எல்லாரிடமும் அடிவாங்கும் பையன் ஒரு பழைய லத்தீன் மந்திரப் புத்தகத்தைக் கணினியில் ஏற்றி மொழிபெயர்க்கிறான். ‘கேரி’யின் பையன் வடிவம் என்று சொல்லிவிடலாம், பன்றிகள்கூட உண்டு. பிரிட்டனில் வழக்குக்கு உள்ளான படம் என்பதால் வெட்டுப்பட்ட பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. முழுப் பிரதி என்று உறுதி செய்யாமல் பார்ப்பதில் பயனில்லை, கடைசி இருபது நிமிடம்தான் படமே. ‘ஃபியர் நோ ஈவில்’: பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்தான் சாத்தான், பின்னணியில் ராமோன்ஸ், செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆகிய பங்க் ராக் குழுக்களின் பாட்டு. கதை பல இடங்களில் கழன்று தொங்கும். கழன்றது பிடிக்கும் என்பவர்களுக்கு மட்டும்.

திரையைச் சரி செய்வது

எந்தப் படத்தைத் தேர்ந்தாலும் முதலில் டிவி அமைப்பில் மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், வேலை ஒன்றுதான்: இரண்டு சட்டகங்களுக்கு நடுவே இல்லாத சட்டகத்தைச் செருகுவது. ‘ஹவுஸ்’ படத்தின் துள்ளல் அசைவுகள் இதில் வழவழத்துப்போகும், பழைய ஃபிலிம் படங்கள் சீரியல் மாதிரி தெரியும். அடுத்து, ‘ஹவுஸ்’ ஏறத்தாழ சதுரமான படம். அகலத் திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும். ஜூம் போட்டு நிரப்பினால் மேலும் கீழும் வெட்டுப்படும், வெட்டுப்படுவது பெரும்பாலும் யாருடைய தலையாவதுதான். ‘கேரி’ அகலத் திரையைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். அது சதுரமாக வந்தால் பழைய டேப்பிலிருந்து எடுத்த பிரதி, விட்டுவிடலாம்.

ஓட்ட நேரம் நான்கு நிமிடம் குறைந்திருந்தால் உடனே வெட்டு என்று முடிவு கட்டக்கூடாது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகளில் வினாடிக்கு 24 சட்டகம் 25 ஆக ஓடும். 98 நிமிடப் படம் 94 நிமிடத்தில் முடிந்துவிடும், காட்சி ஒன்றும் போயிருக்காது, குரல்கள் மட்டும் சற்றே கீச்சென்று இருக்கும். அதைவிடக் குறைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒலியில் நைட் மோடு வேண்டாம். அது மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கும். ‘கேரி’யின் கடைசி நிமிடமும் கொரியப் படத்தின் நடைவழியும் நிற்பதே அந்த மேடு பள்ளத்தில்தான். பக்கத்து வீட்டுக்குப் பயந்தால் ஒட்டுமொத்தமாக ஒலியைக் குறைத்துவிட்டு டிவிக்கு அருகே உட்காரலாம். ‘விஸ்பரிங் காரிடார்ஸ்’ இருட்டு நிறைந்தது, கூடத்து டியூப்லைட் எரியும்போது அதைப் போடுவது வீண். ‘ஹவுஸ்’ வெளிச்சத்திலும் தாங்கும்.

ஆகவே, நண்பர் கூட்டம், சத்தம், சிரிப்பு என்றால் ‘மேரி லூ’. இருவராகவோ தனியாகவோ, போனை அணைத்துவிட்டுப் பார்க்கிற இரவு என்றால் கொரியப் படம். ‘கேரி’யை இதுவரை பார்க்காதவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தாலும் அதைத்தான் முதலில் போட வேண்டும், இல்லாவிட்டால் ‘மேரி லூ’வின் பாதி விளையாட்டு அவருக்குப் போய்ச் சேராது. ஏன், எப்படி என்று ஒவ்வொரு காட்சிக்கும் கேள்வி கேட்பவர் இருந்தால் ‘ஹவுஸ்’ அன்று வேண்டாம்.

‘கேரி’யையும் ‘மேரி லூ’வையும் ஒரே இரவில் பார்க்கிறவர்கள் உண்டு. ஒன்பது மணிக்கு முதலாவதைத் தொடங்கினால் 10.38க்கு முடியும். டீ போட்டு 10.55க்கு அடுத்ததைத் தொடங்கினால் 12.32க்கு எழுந்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றிவிடக்கூடாது. ஆடுகுதிரை நாக்கை நீட்டியதைப் பார்த்த சூட்டோடு ‘கேரி’க்குப் போனால், வாளி விழும் நேரத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள்.